இணைப்பு ஒப்புதலுக்குக் காத்திருந்த தொலைத்தொடர்புப் பங்கு: பணவீக்கக் காலத்து முதலீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு (இலங்கை, 2023–2024)

பின்னணி

2023 மே மாதத்தில் கொழும்பிலுள்ள ஐந்து பேர் கொண்ட முதலீட்டுக் குழு ஒன்று இலங்கையின் கைபேசிச் சேவை நிறுவனமான டயலொக் ஆக்சியாட்டாவின் பங்கை வாங்குவதா என்று ஆராயத் தொடங்கியது. குழுவில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், பட்டயக் கணக்காளர் ஒருவர், அலைபரப்புக் கோபுரங்கள் அமைப்பதில் அனுபவமுள்ள பொறியியலாளர் ஒருவர், ஓர் ஆசிரியை, ஒரு சிறு வணிகர் இருந்தனர். இந்தக் கொடுக்கல் வாங்கலோடு தொடர்புடைய எந்த நிறுவனத்திலும் யாரும் வேலை பார்க்கவில்லை. கையிலிருந்த கூட்டுப் பணம் 60 இலட்சம் ரூபா. இரண்டு ஆண்டுகளுக்குத் தொடத் தேவையில்லாத பணம் என்பதில் ஐவருக்கும் உடன்பாடு இருந்தது.

அன்றைய நிலவரத்தை நினைவுபடுத்தாமல் அவர்களுடைய முடிவுகள் விளங்கா. 2022-இல் ரூபாவின் பெறுமதி டொலருக்கு எதிராக 44.8 சதவீதம் விழுந்தது. அந்த ஆண்டு தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் இறுதியில் 363 ரூபாவாக நின்றது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதத்தைத் தொட்டு, 2023 ஏப்ரலில் 35.3 ஆக இறங்கியிருந்தது. அரசு குறுகிய காலக் கடனுக்காக வெளியிடும் திறைசேரி உண்டியல், 91 நாள் தவணைக்கு ஆண்டுக்கு 25 சதவீதத்தை ஒட்டி வட்டி கொடுத்துக்கொண்டிருந்தது. எதை வாங்கினாலும் அந்த 25 சதவீதத்தோடு ஒப்பிட வேண்டிய காலம் அது.

அறிவிப்பும் முதல் வாரமும்

2023 மே 2 அன்று டயலொக்கின் மலேசியத் தாய் நிறுவனமான ஆக்சியாட்டா, டயலொக், இந்தியாவின் பார்தி எயார்டெல் ஆகிய மூன்றும், பார்தியின் இலங்கைக் கிளை நிறுவனமான எயார்டெல் லங்காவை டயலொக்குடன் இணைக்கக் கட்டுப்படுத்தும் நிபந்தனைத் தாள் ஒன்றில் ஒப்பமிட்டதாகப் பங்குச் சந்தைக்கு அறிவிக்கப்பட்டது. எயார்டெல் லங்காவின் பெறுமதிக்கு ஈடாக, பணத்துக்குப் பதிலாக டயலொக்கின் புதிய பங்குகள் பார்திக்குக் கிடைக்கும். எத்தனை பங்குகள் என்பது அப்போது சொல்லப்படவில்லை. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் ஒப்புதல் வேண்டியிருந்தது.

“இணைப்பு நடந்தால் பங்கு ஏறும், தடைப்பட்டால் விழும்” என்பதே குழுவில் முதலில் எழுந்த பேச்சு. விற்கப்படும் நிறுவனத்தின் பங்கை வைத்திருப்பவருக்கு அந்தக் கணக்கு சரி. அவருக்கு ஒரு கொள்வனவு விலை சொல்லப்பட்டிருக்கும். சந்தை விலைக்கும் அந்த விலைக்கும் இடையிலான இடைவெளிதான் அவர் பார்க்கும் இலாபம். இங்கே சந்தையில் விற்பனையாகும் பங்கு வாங்குபவருடையது. டயலொக் பங்குதாரருக்கு யாரும் எந்த விலையும் தருவதாகச் சொல்லவில்லை. அவருக்கு நடக்கப்போவது ஒன்றே: அவருடைய பங்குவீதம் குறையும், பதிலுக்கு எயார்டெலின் வலையமைப்பும் வாடிக்கையாளரும் நிறுவனத்துக்குள் வருவார்கள். கணக்காளர் இதை எடுத்துச் சொன்ன பிறகே ஆய்வு சரியான திசைக்குத் திரும்பியது.

ஒழுங்குமுறை ஒப்புதலை எடைபோட மூன்று தரவுகள் திரட்டப்பட்டன.

முதலாவது சட்டம். இலங்கையில் எல்லாத் துறைகளுக்குமான பொது இணைப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் இல்லை. 1987-ஆம் ஆண்டின் நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டத்தில் இருந்த இணைப்பு ஏற்பாடுகள், 2003-இன் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அதன் இடத்துக்கு வந்தபோது தொடரவில்லை. ஆகவே போட்டி பற்றிய கேள்வியைத் தனியாக விசாரிக்க வேறு அமைப்பு இருக்கவில்லை. துறை ஒழுங்குபடுத்துநரின் அனுமதியே முக்கியக் கதவு.

இரண்டாவது முன்னுதாரணம். இலங்கையின் வேறு இரு கைபேசிச் சேவை நிறுவனங்களான ஹட்ச், எடிசலாட் ஆகியவற்றின் இணைப்பு 2018 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டு நவம்பர் இறுதியில் நிறைவுற்றது. ஏறக்குறைய ஏழு மாதம்.

மூன்றாவது வாக்கு. ஆக்சியாட்டாவிடம் டயலொக்கின் 80 சதவீதத்துக்கு மேற்பட்ட பங்குகள் இருந்தன. சிறப்புத் தீர்மானத்துக்கு வேண்டிய 75 சதவீதத்தை அது தனியாகவே தாண்டியிருந்தது. பங்குதாரர் கூட்டத்தில் தீர்மானம் தோற்கும் வாய்ப்பு நடைமுறையில் இல்லை. பார்தி வாங்கவிருந்த பங்கும், மற்றப் பங்குதாரரின் பங்குகளையும் வாங்க முன்வர வேண்டிய கட்டாயக் கொள்வனவு அறிவிப்புக்கான 30 சதவீத எல்லையை எட்டாது என்பது தெளிவாகவே தெரிந்தது. ஆகவே சிறு பங்குதாரருக்கு வெளியேறும் விலை என்று ஒன்று கிடைக்காது.

ஒப்புதல் கிடைக்கும் வாய்ப்பு அதிகம், காலம் மட்டும் நிச்சயமில்லை என்று குழு முடிவுகட்டியது. இந்தத் தீர்ப்பின் முதற்பாதி சரியாக இருந்தது.

கணக்குகளில் கண்டவை

ஆய்வின் பெரும்பகுதி நேரம் இங்கேதான் போனது, போகவும் வேண்டும்.

*கட்டணமும் விலைவாசியும்.* தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 2022 செப்டெம்பரில் கைபேசி, நிலையான தொலைபேசி, அகலப்பட்டைச் சேவைகளுக்கு 20 சதவீதக் கட்டண உயர்வையும், கட்டணத் தொலைக்காட்சிக்கு 25 சதவீத உயர்வையும் அனுமதித்தது. அதே மாதத்தில் விலைவாசி முந்தைய ஆண்டின் செப்டெம்பரைவிட 69.8 சதவீதம் உயர்ந்திருந்தது. 120-ஐ 169.8 ஆல் வகுத்தால் 0.707. ஒரு வாடிக்கையாளரும் பாவனையைக் குறைக்கவில்லை என்றே வைத்தாலும், முன்பு 100 ரூபாவாக இருந்த வருமானத்தின் வாங்கும் திறன் 71 ரூபா. அறிக்கைகளில் வருமானம் இரட்டை இலக்கத்தில் வளர்வதைக் கண்டு மகிழ்ந்த இரு உறுப்பினர்கள் இந்த ஒரு வகுத்தலைப் பார்த்ததும் அமைதியானார்கள்.

*செலவுப் பக்கம்.* மின் கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டது. இரண்டையும் பெருக்கினால் 1.75 × 1.66 = 2.9, ஏறத்தாழ மூன்று மடங்கு. அலைபரப்புக் கோபுரங்கள் நாள் முழுதும் மின்சாரம் இழுப்பவை. மின்வெட்டு வந்தால் மின்கலம், அது தீர்ந்தால் டீசல் மின்பிறப்பாக்கி. 2022 மின்வெட்டுக் காலத்தில் எரிபொருளுக்கே தட்டுப்பாடு இருந்ததைப் பொறியியலாளர் நினைவூட்டினார். கட்டணம் 20 சதவீதம் ஏற, பெருஞ்செலவுகளில் ஒன்று மூன்று மடங்கானால் இலாப விகிதம் எங்கே நெரிபடும் என்பதை அறிய, வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய இலாபத்தை வருமானத்தால் வகுத்து எட்டுக் காலாண்டுகளுக்கு வரிசையாக எழுதினார்கள்.

*நாணய மாற்று.* இதில்தான் பலர் தவறுகிறார்கள். உபகரணம், டொலர் கடன், வெளிநாட்டு உள்ளடக்கக் கட்டணம் எல்லாம் டொலரில், வருமானம் ரூபாவில். 2022-இல் ரூபா சரிந்தபோது டயலொக் பெரும் நாணய மாற்று நட்டத்தைப் பதிந்து அந்த ஆண்டை நட்டத்தில் முடித்தது. 2023 முதற் காலாண்டில் டொலர் 363-இலிருந்து 327-ஐ ஒட்டி இறங்கியது. தேறிய டொலர் பொறுப்பு 10 கோடி டொலராக இருக்கும் ஒரு நிறுவனத்துக்கு, இந்த 36 ரூபா மாற்றம் மட்டுமே 360 கோடி ரூபா இலாபமாகக் கணக்கில் ஏறும். ஒரு சிம் அட்டைகூடக் கூடுதலாக விற்றிருக்க வேண்டியதில்லை.

சிறு வணிகர் முதற் காலாண்டு இலாபத்தை நான்கால் பெருக்கி ஆண்டு இலாபமாகக் கொள்ளலாம் என்றார். கணக்காளர் அதை ஏற்கவில்லை. நாணய மாற்று இலாப நட்டத்தை வெளியே எடுத்து, அதற்குரிய வரி விளைவையும் சரிசெய்த பின்னர் எஞ்சுவதையே இலாபமாகக் கொள்வது என்று தீர்மானித்தனர். பின்வந்த மாதங்கள் அதை நியாயப்படுத்தின. ஜூன் இறுதியில் 308-ஐ ஒட்டி இருந்த டொலர் செப்டெம்பர் இறுதியில் 324-ஐ ஒட்டித் திரும்பியது. முதலிரண்டு காலாண்டுகளின் இலாபத்தில் ஒரு பங்கு மூன்றாவதில் திரும்பப் போகும் அமைப்பு அது.

*தேய்மானம்.* பணவீக்கத்துக்கேற்பக் கணக்குகளை மீள எழுதும் மிகைப்பணவீக்கக் கணக்கீட்டு முறை இலங்கையில் நடைமுறைக்கு வரவில்லை. எனவே டொலர் 180, 200 ரூபாவாக இருந்தபோது வாங்கிய உபகரணத்துக்கு அன்றைய விலையிலேயே தேய்மானம் கழிக்கப்படுகிறது. அதே உபகரணத்தை மாற்ற 320 ரூபா டொலரில் வாங்க வேண்டும். இலாபம் தாளில் இருப்பதைவிட உண்மையில் மெலிந்தது என்று பொருள். குழு தேய்மானத்தின் டொலர் சார்ந்த பகுதியை 1.6 ஆல் பெருக்கி ஒரு மாற்றுக் கணக்குப் போட்டது. அந்தப் பகுதி எவ்வளவு என்பது ஊகமே. ஆனாலும் ஊகிக்காமல் விடுவதைவிட இது மேல்.

*பங்குவீதக் குறைப்பு.* புதிய பங்குகள் மொத்தத்தில் எத்தனை சதவீதமாக இருக்கும் என்று தெரியாத நிலையில், எவ்வளவு வரை தாங்கலாம் என்று கணக்கிட்டனர். சூத்திரம் எளிது: விரிந்த பங்குத் தொகுதியில் புதியவருக்கு 15 சதவீதம் போனால், பழைய பங்குதாரரின் தலைக்குரிய இலாபம் குறையாதிருக்க மொத்த இலாபம் 1 ÷ 0.85, அதாவது 17.6 சதவீதம் உயர வேண்டும். நிறுவனங்கள் சொன்ன எண்ணிக்கைப்படி டயலொக்குக்குச் சுமார் 170 இலட்சம், எயார்டெலுக்குச் சுமார் 50 இலட்சம் இணைப்புகள். தலையை எண்ணினால் எயார்டெல் 23 சதவீதத்துக்கு உரிமை கேட்கலாம். ஆனால் அது பல ஆண்டுகளாக நட்டத்தில் ஓடிய நிறுவனம். 15 சதவீதத்துக்கு மேல் போனால் வாங்குவதை நிறுத்துவது என்று எல்லை குறிக்கப்பட்டது.

முடிவுகளும் காரணங்களும்

மே நடுப்பகுதியில் பணம் இவ்வாறு பிரிக்கப்பட்டது: திறைசேரி உண்டியலில் 36 இலட்சம், பங்கில் உடனே 9 இலட்சம், பங்குவீதக் குறைப்பு தெரிந்த பின் இன்னொரு 9 இலட்சம், சேமிப்புக் கணக்கில் 6 இலட்சம். இரண்டாவது 9 இலட்சமும் அதுவரை உண்டியலிலேயே இருக்கும்.

பங்கில் குறைவாக இறங்கியதற்குக் காரணம் காத்திருப்புச் செலவு. 9 இலட்சத்தை 25 சதவீத உண்டியலில் 91 நாள் வைத்தால் வரிக்கு முன் சுமார் 56,000 ரூபா வரும். ஏழு மாதம் காத்திருந்தால் ஏறக்குறைய 14.5 சதவீதத்தைக் கைவிடுகிறோம். பங்கை வாங்கவும் விற்கவும் தரகும் அறவீடுகளுமாக ஒவ்வொரு முறையும் 1.12 சதவீதம், இரண்டும் சேர்ந்து 2.24. பங்கு ஏழு மாதத்தில் 17 சதவீதம் ஏறினால்தான் உண்டியலோடு சமம்.

பின் ஏன் 9 இலட்சமாவது இறக்கினார்கள்? வட்டி வீதங்கள் வேகமாக இறங்கும் என்று வங்கி அதிகாரி உறுதியாக நம்பினார். 2022 நடுப்பகுதியில் விலைகள் பாய்ந்ததால், 2023 நடுப்பகுதியில் ஆண்டுக்காண்டு பணவீக்கம் அடிப்படை விளைவாலேயே சரியும். வட்டி இறங்கினால் நிறுவனத்தின் ரூபாக் கடன் செலவும் குறையும், பங்குகளின் மதிப்பீடும் உயரும். அவருடைய வாதத்தில் இணைப்புக்கு இடமே இல்லை. அதுவே இந்த முதலீட்டின் உண்மையான காரணமாக இருந்தது என்பது இவ்வாய்வை எழுதுவோரின் கருத்து.

உண்டியலின் தவணை பற்றிக் கருத்து வேறுபட்டது. கணக்காளர் 20 சதவீதத்துக்கு மேற்பட்ட வீதத்தை 364 நாளுக்குப் பூட்டிவிடலாம் என்றார். அரசின் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் உண்டியல்களும் சேர்க்கப்படலாம் என்ற அச்சம் அப்போது நாடெங்கும் இருந்தது. ஆசிரியை 91 நாளுக்கு மேல் வேண்டாம் என்றார். இறுதியில் சரிபாதி.

காத்திருந்த மாதங்கள்

மத்திய வங்கி ஜூன் 1 அன்று கொள்கை வீதங்களை 2.5 சதவீதப் புள்ளிகளும் ஜூலையில் 2 புள்ளிகளும் ஒக்டோபரிலும் நவம்பரிலும் தலா ஒரு புள்ளியும் குறைத்தது. மத்திய வங்கி வங்கிகளுக்கு ஓரிரவுக் கடன் கொடுக்கும் துணைநில் கடன்வழங்கல் வசதி வீதம் 16.5-இலிருந்து 10 ஆனது. பணவீக்கம் ஜூனில் 12.0, ஜூலையில் 6.3, செப்டெம்பரில் 1.3. வங்கி அதிகாரி எதிர்பார்த்ததைவிட விரைவான இறக்கம்.

ஜூன் 29 முதல் ஜூலை 3 வரை வங்கிகள் ஐந்து நாள் மூடியிருந்தபோது கடன் மறுசீரமைப்புத் திட்டம் வெளியானது. பொதுமக்கள் கையிலிருந்த திறைசேரி உண்டியல்கள் சேர்க்கப்படவில்லை. சேர்க்கப்பட்டவற்றுள் முக்கியமானவை மத்திய வங்கியின் உண்டியல்களும் ஓய்வூதிய நிதிகளின் முறிகளும். அச்சம் நீங்கியதும் உண்டியல் வட்டி விழுந்தது. 91 நாள் பாதி ஒவ்வொரு புதுப்பிப்பிலும் குறைந்த வீதத்துக்கே போனது. ஆண்டிறுதியில் 15 சதவீதத்தை ஒட்டி நின்றது. 364 நாள் பாதி தன் பழைய வீதத்தை 2024 மே வரை காத்தது.

இணைப்புப் பக்கத்தில் அமைதி. ஏழு மாதக் கணக்குப்படி டிசம்பரில் முடிந்திருக்க வேண்டும். புதிய அறிவிப்பு எதுவும் வரவில்லை. முதல் 9 இலட்சம் ஆண்டிறுதிக் கணக்கில் உண்டியலைவிடத் தெளிவாகப் பின்தங்கியிருந்தது. விற்றுவிடலாமா என்று டிசம்பரில் கேள்வி எழுந்தது. விற்காததற்கு எழுதிவைத்த காரணம் இது: காலம் நீண்டாலும் நிறுவனத்தின் தனி நடவடிக்கை இலாபம் மோசமாகவில்லை, இணைப்பு கைவிடப்பட்டாலும் இந்தப் பங்கை வைத்திருப்போமா என்ற கேள்விக்கு ஐவரில் நால்வர் ஆம் என்றனர்.

இதே காலத்தில் ஶ்ரீலங்கா டெலிகொம்முக்கு மாறலாம் என்ற யோசனையும் வந்தது. திறைசேரியின் 49.5 சதவீதப் பங்கை விற்க அரசாங்கம் முயன்றுகொண்டிருந்தது. ஒரு நிச்சயமின்மையைக் கைவிட்டு, அரசியல் கலந்த இன்னொன்றைத் தலையில் ஏற்ற வேண்டாம் என்று மறுத்தனர். அந்த விற்பனை நிறைவேறவில்லை.

2024 ஏப்ரல் முதல் ஜூன் வரை

2024 ஏப்ரல் 18 அன்று இறுதி ஒப்பந்தம் ஒப்பமிடப்பட்டது. பார்திக்குக் கிடைக்கவிருந்த பங்கு விரிந்த தொகுதியில் 10.355 சதவீதம். குழு உடனே பழைய சூத்திரத்தில் இட்டது: 1 ÷ 0.89645 = 1.1155. மொத்த இலாபம் 11.6 சதவீதம் உயர்ந்தால் பழைய பங்குதாரருக்கு இழப்பில்லை. குறித்துவைத்த 15 சதவீத எல்லைக்குள் நன்றாகவே இருந்தது. இரண்டாவது 9 இலட்சம் இறக்கப்பட்டது. இம்முறை மூன்று வாரங்களில் பிரித்து, விலை எல்லையிட்ட கட்டளைகளாக மட்டும் கொடுத்தனர்.

முதல் தவணையில் அப்படிச் செய்யவில்லை. அறிவிப்பின் சூடு ஆறாத நாட்களில் சந்தை விலைக் கட்டளையாகப் போட்டதால், சந்தையில் புழங்கும் பங்குகள் 20 சதவீதத்துக்கும் குறைவான இந்தப் பங்கில், விற்பவர் கேட்ட படிகளில் ஏறி ஏறி வாங்க நேர்ந்தது.

ஜூன் 26 அன்று கொடுக்கல் வாங்கல் நிறைவுற்றது. அறிவிப்பிலிருந்து ஏறக்குறைய பதினான்கு மாதங்கள். எதிர்பார்த்ததன் இரு மடங்கு. நாட்டில் கைபேசிச் சேவையாளர் நால்வர் மூவராயினர்: டயலொக், மொபிடெல், ஹட்ச்.

விளைவு

முதல் தவணை தாமதத்தின் முழு விலையையும் கட்டியது. 2023-இல் உண்டியல் கொடுத்த வட்டியை அது எட்டவேயில்லை. இரண்டாவது தவணை இறங்கிய நேரத்தில் உண்டியல் வட்டி 10 சதவீதத்தை ஒட்டி வந்திருந்தது. பங்கு தாண்ட வேண்டிய கோடு 25-இலிருந்து 10-க்கு இறங்கிவிட்டது. பங்குவீதக் குறைப்பும் தெரிந்த எண்ணாகியிருந்தது. ஒரே நிறுவனம், ஒரே பங்கு. ஓராண்டு இடைவெளியில் முற்றிலும் வேறு முதலீடு.

மொத்தப் பணத்தில் சிறந்த வருவாய் தந்தது 364 நாள் உண்டியலில் இருந்த 18 இலட்சம். இதைக் குழு சற்றுத் தயக்கத்தோடுதான் பதிவுசெய்தது, ஏனெனில் கூட்டங்களின் பெரும்பகுதி நேரம் இணைப்பைப் பற்றிப் பேசுவதிலேயே கழிந்திருந்தது.

ஒழுங்குமுறை ஆய்வு இந்த முதலீட்டுக்குச் செய்த கேடு நேர அளவில் மட்டுமே. அந்த நேரத்துக்கு இவ்வளவு விலை வைத்தது பணவீக்கமும் அதன் பின்னே வந்த வட்டியும். பணவீக்கம் 5 சதவீதமாக உள்ள நாட்டில் ஏழு மாதத் தாமதம் சலிப்பூட்டும் விடயம். 25 சதவீத உண்டியல் உள்ள நாட்டில் அது மூலதனத்தின் ஏழில் ஒரு பங்கு.

அடுத்த முறை மாற்றப்படவிருப்பவை

ஒரே ஒரு முன்னுதாரணத்தை வைத்துக் காலம் கணிப்பதில்லை. ஹட்ச் இணைப்பு 2018-இல் நடந்தது. நெருக்கடிக்குப் பின் உள்ள நாட்டில், நாணயம் தள்ளாடும்போது, இரு தரப்பும் பெறுமதியில் உடன்படவே நேரம் எடுக்கும். முன்னுதாரணக் காலத்தின் இரு மடங்கைக் கணக்கில் இட்டு, அப்போதும் முதலீடு தாங்குமா என்று பார்ப்பது புதிய விதி. அந்தக் கணக்கை 2023 மே மாதத்தில் போட்டிருந்தால் முதல் தவணை 9 இலட்சத்திலிருந்து 3 இலட்சமாகக் குறைந்திருக்கும்.

பங்குவீதக் குறைப்பின் அளவு வெளியாகும் முன் கொள்வனவைத் தொடங்குவதில்லை. அந்த எண் தெரியாமல் வாங்குவதால் கிடைக்கும் முந்தல் எதுவும் இந்த நிகழ்வில் தென்படவில்லை.

வீதங்கள் உச்சத்திலிருந்து இறங்கும் அறிகுறி தெரிந்தால், உண்டியலில் நீண்ட தவணைக்கு அதிகம். ஆசிரியையின் அச்சம் அன்றைக்கு நியாயமானதே. அதற்கான சரியான மருந்து தவணையைப் பாதியாகப் பிரிப்பதைவிட, நீண்ட தவணைக்கு மூன்றில் இரண்டு, குறுகிய தவணைக்கு மூன்றில் ஒன்று என்று வைத்திருப்பது என்று இப்போது கருதுகின்றனர். கணக்காளர் இதிலும் உடன்படவில்லை, முழுவதையும் பூட்டியிருக்கலாம் என்கிறார்.

காலாண்டு அறிக்கை வந்ததும் நிரப்பப்படும் தாளில் முதல் வரி இப்போது நிகர இலாபம் அல்ல. நாணய மாற்று நீக்கிய இலாபம், வருமான வளர்ச்சியைப் பணவீக்கத்தால் வகுத்த எண், அன்றைய 364 நாள் உண்டியல் வீதம் ஆகிய மூன்றும் இந்த வரிசையில் மேலே எழுதப்படுகின்றன. மூன்றாவது எண்ணை எழுதாமல் எந்தக் கொள்வனவு யோசனையும் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்படுவதில்லை.